மழை நாளில் லேக் டிஸ்ட்ரிக்ட்: கெஸிக்கில் தங்கி, காரிலும் காலிலும் ஒரு பகலைச் சுற்றுவது எப்படி

லண்டனிலிருந்து காரில் கிளம்பி ஸ்காட்லாந்து வரை போகிறவர்கள் நடுவில் இரண்டு இரவு, இங்கிலாந்தின் வடமேற்கில் மலைகளும் ஏரிகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட்டில் தங்குவது வழக்கம். அந்த இரண்டு பகலில் ஒன்று மழையில் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். போகாவிட்டால் லாபம்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போய்க் கவனித்ததில் ஒன்று தெரிந்தது. இடங்களைச் சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். காலையில் மழை பெய்கிறதே என்று அருங்காட்சியகத்துக்குள் போய்விடுவார்கள். மதியம் மழை விட்டிருக்கும் ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டு மேசையில் கழியும். இருட்டப் போகிற நேரத்தில், மறுபடி தூறல் பிடித்த பிறகு, அருவிக்குக் கிளம்புவார்கள். அதனால் இங்கே இடங்களைவிட வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கெஸிக் ஊரில் தங்குவதாக வைத்துக்கொள்கிறேன். ஆம்பிள்சைடிலோ வின்டர்மியரிலோ தங்கினாலும் முறை இதுதான்.

1. முதல் நாள் இரவே டிக்கியை அடுக்கி வையுங்கள்

நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டு நிற்கும், நனைந்தாலும் குளிராது. இங்கே மழை மெல்லியது, மணிக்கணக்கில் பெய்வது, காற்றோடு பக்கவாட்டில் வருவது. வெப்பநிலை பத்து டிகிரிக்கு அருகில் இருக்கும்போது நனைந்த உடையோடு ஒரு மணி நேரம் நடந்தால் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். ஏற்பாடெல்லாம் இதை மனத்தில் வைத்துத்தான்.

ஒவ்வொருவருக்கும் தொப்பியோடு கூடிய வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் ஒன்று, கால்சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ளும் வாட்டர்ப்ரூஃப் பேன்ட் ஒன்று. இரண்டாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜாக்கெட்டில் வழிகிற தண்ணீரெல்லாம் தொடையில்தான் இறங்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு முறை நனைந்தால் கனக்கும், அன்றைக்கு முழுவதும் காயாது.

குடையை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக் கரையில் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். குறுகலான பாதையில் ஒரு கை குடைக்குப் போனால், வழுக்கும்போது பிடித்துக்கொள்ளக் கை இருக்காது.

டிக்கியில் ஒரு மாற்று உடைப் பை தனியாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு கால்சட்டை, ஒரு மேல்சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ், காய்ந்த செருப்போ ஷூவோ. இதை ஒரு பெரிய பிளாஸ்டிக் குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். கூடவே இரண்டு பழைய துண்டு, ஈர உடைக்கென்று காலிப் பை ஒன்று, சேற்று ஷூ வைக்க ஒரு தட்டோ பழைய செய்தித்தாளோ. இந்தப் பை இருந்தால்தான் நடை முடிந்த பிறகும் நாள் மிச்சம் இருக்கும். இல்லாவிட்டால் முதல் நனைதலோடு எல்லோரும் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதுகுப்பைக்கு வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். காற்று அதைக் கழற்றிக்கொண்டு போய்விடும். பைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் பொருளை வையுங்கள்.

ஃபோன் வரைபடத்தோடு ஒரு காகித வரைபடமும் வேண்டும். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது, பாரோடேல் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னலும் கிடையாது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் கெஸிக், டெர்வென்ட்வாட்டர் ஏரிப் பக்கத்துக்கு ஓஎல்4, அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கத்துக்கு ஓஎல்5 என்ற எண்ணுள்ள தாள். கெஸிக் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

2. காலையில் வெளியே வரும் முன் மூன்றைப் பாருங்கள்

முதலில் மழை ரேடார். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் செயலியில் மழை வரைபடத்தைத் திறந்து, கடந்த சில மணி நேரத்தில் மழைப் பட்டை எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்ந்திருக்கிறது என்று ஓட்டிப் பாருங்கள். மணிக்கொரு சின்னமாக வரும் முன்னறிவிப்பில் நாள் முழுக்க மேகமும் துளியும் போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு “இன்றைக்கு அவ்வளவுதான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரேடாரில் பார்த்தால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். உங்களுக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

வழக்கமான ஒரு மழை நாள் இப்படிப் போகும்: விடாத மழை ஒரு கட்டம், பிறகு தாழ்ந்த மேகமும் தூறலும், அப்புறம் திடீரென்று ஒரு பலத்த மழை, அது கடந்ததும் காற்று திரும்பி வானம் திறக்கும். கடைசிப் பலத்த மழைக்குப் பின்னால் கிடைக்கும் நேரம்தான் அன்றைக்கே மிகத் தெளிவான நேரம். நடுவில் ஒரு சாரல் வந்தாலும் சீக்கிரம் போய்விடும். அந்த நேரத்தில் நீங்கள் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது.

இரண்டாவது, வெள்ள எச்சரிக்கை. இங்கிலாந்து அரசின் வெள்ள எச்சரிக்கை இணையப் பக்கத்தில் மூன்று படிகள் உண்டு: வெள்ளம் வரலாம் என்பது முதல் படி, வரும் என்று எதிர்பார்க்கப்படுவது இரண்டாவது, உயிருக்கே ஆபத்து என்பது மூன்றாவது. நீங்கள் போகிற பள்ளத்தாக்குக்கு முதல் படி இருந்தால் ஆற்றோரச் சாலையை விடுங்கள். இரண்டாவது இருந்தால் அந்தப் பள்ளத்தாக்குக்கே போக வேண்டாம். மெட் ஆஃபீஸின் மஞ்சள், ஆம்பர், சிவப்பு எச்சரிக்கைகள் வேறு. அவையும் பார்க்க வேண்டியவை. ஆம்பர் வந்துவிட்டால் நான் காரை எடுப்பதில்லை.

இதை மிகையான பயம் என்று நினைக்க வேண்டாம். 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. என்ற பிரிட்டனின் மழைச் சாதனை, கெஸிக்குக்குத் தெற்கே காரில் போய்விடக்கூடிய ஹானிஸ்டர் கணவாயில், 2015 டிசம்பர் 5 அன்று பதிவானது. அன்று அடித்த புயலில் கிராஸ்மியரையும் கெஸிக்கையும் இணைக்கும் ஏ591 சாலையே ஓரிடத்தில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி திறக்க அடுத்த மே மாதம் ஆகிவிட்டது.

மூன்றாவது, மேகத்தின் உயரம். இதற்குச் செயலி வேண்டாம். கெஸிக்கில் டெர்வென்ட்வாட்டர் கரைக்குப் போய் நில்லுங்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கேட்பெல்ஸ் என்ற குன்று தெரியும், உயரம் 451 மீட்டர். அதன் உச்சி மறைந்திருந்தால் மலை ஏறும் பேச்சே வேண்டாம். ஏறினாலும் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. உச்சி தெரிந்து, வடக்கே 931 மீட்டர் ஸ்கிடா மட்டும் மறைந்திருந்தால் தாழ்ந்த குன்றுகள் பரவாயில்லை.

3. கிழக்கா மேற்கா என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். இங்கே மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வருகிறது. நடு மலைகளில் மோதி ஏறும்போது கொட்டிவிடுகிறது. கிழக்கே போகப் போக மழை குறையும். பாரோடேலின் தலைமாட்டில் இருக்கும் சீத்வெய்ட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக ஈரமானது என்று பெயர் பெற்றது. ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. நேர்கோட்டில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கும் பென்ரித்தில் 1000 மி.மீ.கூடக் கிடையாது.

ஆகவே மேற்குக் காற்றோடு வரும் சாதாரண மழை நாளில், கெஸிக்கிலிருந்து ஏ66 சாலையைப் பிடித்துக் கிழக்கே போங்கள். அல்ஸ்வாட்டரின் வடமுனை, பென்ரித், ஈடன் பள்ளத்தாக்கு, இன்னும் வேண்டுமானால் எம்6 வழியாக கார்லைல். கெஸிக்கில் அடை மழை பெய்யும்போது பென்ரித்தில் வெறும் மேகமூட்டம் என்பது அடிக்கடி நடக்கும்.

புதிதாக வருகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். மலையில் நடக்க முடியாது, சரி, காரிலாவது மலைச்சாலை பார்ப்போம் என்று ஹானிஸ்டருக்கோ ஹார்ட்நாட் கணவாய்க்கோ திருப்புகிறார்கள். ஹானிஸ்டரில் நான்குக்கு ஒன்று சரிவு, அதாவது நாலு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். ஹார்ட்நாட்டில் மூன்றுக்கு ஒன்று, அதுவும் ஒரே ஒரு கார் போகும் அகலத்தில், கொண்டையூசி வளைவுகளோடு. ஈரத்தில், வாடகைக் காரில், மேகத்துக்குள் இதை ஓட்டுவதில் பார்க்க எதுவும் இல்லை.

காற்று கிழக்கிலிருந்து வீசினால் கணக்கு மாறும். ரேடாரில் பட்டை நகரும் திசையே அதைச் சொல்லிவிடும்.

4. நடைக்கு நேரம் ஒதுக்கிய பிறகு மற்றதை அடுக்குங்கள்

ரேடாரில் இடைவெளி எப்போது என்று தெரிந்துவிட்டதா? அதில் நடையை வையுங்கள். அதற்கு முன்னால் அருங்காட்சியகம் போல் கூரைக்குக் கீழே பார்க்கும் ஒரு உள்ளிடம், பின்னால் ஒரு உள்ளிடம். சாப்பாடு எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மழை விட்ட நேரம் பறிபோகும். ஃபிளாஸ்கில் காபியும் டப்பாவில் தயிர் சாதமோ சாண்ட்விச்சோ இருந்தால் நேரம் உங்கள் கையில். பல பப்களில் சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடினால் மாலை ஐந்தரை, ஆறுக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்கு நனைந்து வந்து கதவைத் தட்டினால் சிப்ஸ் பாக்கெட்தான்.

நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய இடங்களை இந்த முடிவுக்குப் பிறகு வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே பதினோரு மணிக்கு என்று வாங்கி வைத்தவர்கள், வெயில் அடிக்கும் பதினோரு மணிக்கு இருட்டு அறையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் சூரியன் ஐந்துக்கு முன்பே போய்விடும். டிசம்பரில் நாலு மணிக்கே. மழை மேகமும், பள்ளத்தாக்கின் சுவர் போன்ற சரிவுகளும் சேர்ந்தால் அதற்கும் முன்பே மங்கும். குளிர்காலத்தில் நடை பகல் இரண்டு மணிக்குள் தொடங்கியாக வேண்டும்.

5. ஈரச் சாலையில் ஓட்டும்போது நம் பழக்கங்களைக் கழற்றி வையுங்கள்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு வருகிறவர்கள் பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டலாம், இங்கேயும் இடது பக்கம்தான். அதனால் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு வந்துவிடும். மழையில் மட்டும் சில பழக்கங்கள் எதிராகப் போகும்.

மழை வலுத்ததும் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது நம் ஊரில் சகஜம். இங்கே ஓடும் காரில் அதைப் போடக் கூடாது. மோட்டார்வேயிலும் வேகக் கட்டுப்பாடு குறைக்கப்படாத, நடுவில் பிரிப்புள்ள இரட்டைச் சாலையிலும், முன்னால் ஆபத்து இருப்பதைப் பின்னால் வருபவருக்குக் காட்ட மட்டும் அனுமதி. வைப்பர் ஓடினால் ஹெட்லைட்டைக் கையால் போடுங்கள். பகல் விளக்கு தானாக எரிகிறதே என்று விட்டுவிட்டால் பல கார்களில் பின்விளக்கு எரியாது. பின்பக்க மூடுபனி விளக்கைப் போடுவது, 100 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது மட்டும். தெளிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

எதிரே வருகிறவர் ஹெட்லைட்டைச் சிமிட்டினால் நம் ஊரில் “நான் வருகிறேன், நில்” என்று பொருள். இங்கே பெரும்பாலும் “நீங்கள் வாருங்கள்” என்பதற்குத்தான் சிமிட்டுகிறார்கள். ஒற்றைப் பாதையில் இது தெரியாவிட்டால் இருவரும் நின்றுகொண்டே இருப்பீர்கள். அல்லது இருவரும் கிளம்புவீர்கள். சட்டப்படி அந்தச் சிமிட்டலுக்கு “இங்கே இருக்கிறேன்” என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை என்பதால், எதிர்க் கார் நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

ஒற்றைப் பாதைகளில் ஒதுங்குவதற்கென்று சிறு இடங்கள் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடது பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நின்று, வருகிறவர் அதற்குள் போக வழிவிடுங்கள். மேட்டில் ஏறி வருகிறவருக்கு முன்னுரிமை. புல் ஓரத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள். மழையில் அது சேறாகியிருக்கும், அடியில் வடிகால் பள்ளமும் இருக்கலாம். ஃபோட்டோ எடுக்க அந்த ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்துவது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும்.

முன் காருக்கும் உங்களுக்கும் காய்ந்த சாலையில் இரண்டு விநாடி இடைவெளி என்றால் ஈரத்தில் குறைந்தது நான்கு. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரட்டிப்பாகும் என்பதுதான் காரணம். ஸ்டீயரிங் திடீரென்று லேசானது போல் தோன்றினால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள்.

சாலையில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். வேகமாக ஓடும் 30 செ.மீ. தண்ணீர் காரைத் தூக்கிவிடப் போதும். தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீர் என்றால், முன்னால் ஒரு கார் கடந்து போவதைப் பார்த்து, முதல் கியரில் நிதானமாகக் கடந்து, அந்தப் பக்கம் போனதும் பிரேக்கை லேசாகச் சோதியுங்கள். ஓரத்தில் நடந்து போகிறவர் மேல் தண்ணீரை வாரி அடித்தால் போலீஸ் அபராதம் விதிக்கலாம்.

இன்னொன்று. மலை ஓடைகள் மழை பெய்யும்போதே பொங்கும். பள்ளத்தாக்கின் அடியில் ஆறும் ஏரியும் பல மணி நேரம் கழித்துத்தான் ஏறும். பாரோடேலுக்குள் போகும் பி5289 சாலை, ஏரியின் தென்முனைப் பக்கம் தாழ்வாகப் போகிறது. காலையில் காய்ந்து கிடந்த இடத்தில் மாலையில் தண்ணீர் நிற்கும், மழை விட்டு வெயில் அடித்தால்கூட. எனவே பலத்த மழைக்குப் பிறகு அந்தச் சாலையில் உள்ளே போனால், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

6. நடையை மழைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள்

கேட்பெல்ஸ் போயே தீர வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். படத்தில் சாதுவான குன்று மாதிரி இருக்கும். உச்சிக்குக் கீழே கை வைத்து ஏற வேண்டிய பாறைகள் உண்டு. எத்தனையோ பேர் மிதித்து மெருகேறியவை, ஈரத்தில் சோப்புக் கட்டிதான். ஏறுவதைவிட இறங்குவது மோசம். வேண்டாம்.

விடாத மழைக்கு: கெஸிக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரையுள்ள பழைய ரயில் பாதை. ஒரு பக்கம் சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், கெட்டியான தரை, குழந்தைத் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். கிரேட்டா ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கும் பாலங்கள். நடுவில் ஒரு சுரங்கம், மழைக்கு ஒதுங்க வசதி. 2015 வெள்ளத்தில் பாலங்கள் போய், 2020 டிசம்பரில்தான் பாதை முழுமையாக மறுபடி திறந்தது. நனைந்தது போதும் என்றால் த்ரெல்கெல்ட்டிலிருந்து பென்ரித்–கெஸிக் பஸ்ஸில் திரும்பலாம். கிளம்பும் முன் பஸ் நேரத்தை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அருவிக்கு: அல்ஸ்வாட்டர் ஓரமுள்ள ஏரா ஃபோர்ஸ். கார் நிறுத்துமிடத்திலிருந்து காட்டு வழியாக மெதுவாக ஏறினால் அரை மணிக்குள் அருவி, 20 மீட்டர் வீழ்ச்சி. மேலே ஒரு கல் பாலம், கீழே ஒரு கல் பாலம். கீழ்ப் பாலத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும், பேசுவது கேட்காது. அங்கே இறங்கும் படிகள்தான் கவனிக்க வேண்டிய இடம். கல் படியில் பச்சைப் பாசியும் உதிர்ந்த இலையும் சேர்ந்து கிடக்கும். குழந்தையின் கையைப் படிக்கு முன்பே பிடித்துவிடுங்கள், கால் பதிக்க ஆரம்பித்த பிறகு அல்ல. கார் நிறுத்துமிடம் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புடையது, அதன் உறுப்பினருக்கு இலவசம்.

இங்குள்ள சரிவுகளில் மண் மெல்லியது, கீழே பாறை. அதனால் அருவி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறதோ அவ்வளவு வேகமாக வடிந்தும் விடும். மழை நின்ற சில மணி நேரத்துக்குள் போங்கள். “நாளைக்கு வெயிலில் போகலாம்” என்றால் கிடைப்பது பாதி அருவி.

கார் எடுக்க மனமில்லையா? டெர்வென்ட்வாட்டரைச் சுற்றும் படகில் ஏறுங்கள். மூடிய கூடம் உண்டு, ஒரு சுற்று சுமார் 50 நிமிடம். லோடோர் துறையில் இறங்கினால், ஹோட்டலுக்குப் பின்னால் சில நிமிட நடையில் லோடோர் அருவி. வறண்ட கோடையில் வெறும் பாறைக் குவியல். மழைக்குப் பின் போனால்தான் அது அருவி. பலத்த காற்றில் படகு ஓடாமல் போகலாம் என்பதால் துறையில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். லோடோரிலிருந்து ஏரியின் தென்முனையைச் சுற்றி நடக்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். அங்கே சதுப்பில் போட்டிருக்கும் பலகைப் பாதை, ஏரி ஏறினால் தண்ணீருக்குள் போய்விடும். பலகை எங்கே முடிகிறது என்று கலங்கிய நீரில் தெரியாது.

மழை நிஜமாகவே விட்டு, கேட்பெல்ஸ் உச்சியும் தெளிந்துவிட்டால்: லாட்ரிக் என்ற சிறு குன்று, 368 மீட்டர். கேல் ரோட்டின் கடைசியில் உள்ள கார் நிறுத்துமிடத்திலிருந்து போகும் பாதை மென்மையான ஏற்றம்தான். அரை மணிக்குள் கெஸிக்கும் ஏரியும் காலடியில் தெரியும். குறைந்த உழைப்புக்கு இதைவிடப் பெரிய காட்சி அந்த ஊரில் இல்லை என்பது என் கருத்து.

7. நடக்கும்போது

வாட்டர்ப்ரூஃபை மழை தொடங்கும் முன் போடுங்கள். நனைந்த பிறகு மேலே போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். ஏற்றத்தில் உள்ளே வியர்க்கும். ஒரு அடுக்கைக் கழற்றி, நிற்கும்போது மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடையைக் கற்கள் மேல் தாவிக் கடக்க வேண்டிய பாதைகளை மழை நாளில் தவிர்த்துவிடுங்கள். போகும்போது கணுக்கால் அளவு. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது முழங்கால் அளவு, கற்களே தெரியாது. பாலம் இருக்கும் பாதையில் மட்டும் போங்கள். கறுத்துப் பளபளக்கும் கல்லைவிடச் சொரசொரப்பான சாம்பல் கல் நல்லது. இரண்டையும்விட மண் நல்லது. மரவேர் எப்போதும் வழுக்கும். ஈரப் புல் சரிவில் குறுக்கு வழி இறங்கவே வேண்டாம்.

வேகம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெயிலில் ஒரு மணி நேர நடைக்கு இன்றைக்கு ஒன்றரை. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் அவருக்காக நின்று குளிர்வார்கள். அவர் வந்து சேர்ந்ததும் ஓய்வு கொடுக்காமல் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் பேச்சைக் குறைத்துத் தடுமாற ஆரம்பித்தால் குளிர் பிடிக்கிறது என்று அர்த்தம். அங்கேயே திரும்புங்கள்.

விபத்து என்றால் 999 அல்லது 112. போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் விசில் ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு முறை. டார்ச்சுக்கும் இதே கணக்கு.

8. காருக்குள் ஏறும் முன் உடையை மாற்றுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பதால்தான் மாலை கெடுகிறது. நனைந்த நாலு பேர் அப்படியே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் இரண்டே நிமிடத்தில் எல்லாக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும். ஓட்டுபவர் உள்ளங்கையால் துடைப்பார். அந்த எண்ணெய்ப் பிசுக்கில் எதிர்க் காரின் வெளிச்சம் சிதறி இன்னும் மோசமாகும்.

சரியான வரிசை இது: டிக்கிக் கதவைத் தூக்கி அதன் கீழே நில்லுங்கள், அதுவே கூரை. முதலில் ஷூ, பிறகு வாட்டர்ப்ரூஃப், பிறகு ஈர சாக்ஸ். எல்லாம் காலிப் பைக்குள் போய்க் கட்டப்பட வேண்டும். காய்ந்த சாக்ஸும் செருப்பும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். கிளம்பும் முன் ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியையும் போடுங்கள். குளிரும்போது ஏசியா என்று கேட்பார்கள். ஏசிதான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சூடு மட்டும் போட்டால் ஈரம் உள்ளேயே சுற்றும். உள்காற்றைச் சுழற்றும் பொத்தான் எரிந்தால் அணைத்துவிடுங்கள். கண்ணாடி முழுக்கத் தெளிந்த பிறகு நகர்ந்தால் போதும்.

9. உள்ளிடங்களை வழியோடு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள்

கெஸிக்கிலேயே நடையென்றால் டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகம். சிறியது, ஒரு மணி நேரம் போதும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். பக்கத்துப் பாரோடேல் மலையில் கிடைத்த கிராஃபைட்தான் அந்தத் தொழிலுக்கு மூலம். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினருக்காகச் செய்த, உள்ளே வரைபடமும் மேலே குட்டித் திசைகாட்டியும் ஒளித்த பென்சிலைத் தேடிப் பாருங்கள்.

கிழக்கே போனால் பென்ரித் ஓரத்தில், ஏ66 பக்கத்திலேயே, ரெகெட். பெரிய திரை, உணவகம், கடைகள், எல்லாம் ஒரே கூரைக்குள். முன்பதிவு இல்லாமல் நுழையலாம் என்பதுதான் அதன் பெருமை. நாள் முழுக்க மழை என்றால் கார்லைல் போய்விடுங்கள்: டுல்லி அருங்காட்சியகத்தில், ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரின் பொருள்கள், நடந்து போகும் தூரத்தில் பேராலயமும் கோட்டையும்.

தெற்கே கிராஸ்மியரில் டவ் காட்டேஜ், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த வீடு. தாழ்ந்த கூரை, சின்ன அறைகள். முதுகுப்பையோடு பத்துப் பேர் நுழைந்தால் திரும்ப இடமில்லை. ஈர உடையோடு இங்கே போவது மற்றவர்களுக்கும் கஷ்டம். ஹானிஸ்டர் ஸ்லேட் சுரங்கத்தை மழைக்கு ஒதுங்கும் இடமாகப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல இடம்தான், ஆனால் அதற்குப் போகும் சாலைதான் பிரச்சினை, சுரங்கத்துக்குள்ளும் குளிரும் ஈரமும் உண்டு. தூறல் நாளுக்குச் சரி, எச்சரிக்கை நாளுக்கு வேண்டாம்.

எந்த இடமானாலும் கடைசி நுழைவு நேரத்தைப் பாருங்கள். மூடும் நேரம் ஐந்து என்றால் கடைசி நுழைவு நாலு மணியாகக்கூட இருக்கும். குளிர்காலத்தில் பழைய வீடுகள் பல மாதக்கணக்கில் மூடியிருக்கும்.

10. இரவு அறைக்குத் திரும்பியதும்

விடுதியில் உடை காயவைக்கும் அறை உண்டா என்று முதலில் கேளுங்கள். நடைக்காரர்கள் வரும் ஊர் என்பதால் பல இடங்களில் இருக்கும், சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஷூவின் உள்ளட்டையை உருவி எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணித்தால் காலையில் போடும்படி இருக்கும். ரேடியேட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும், பசையும் விடும்.

ஃபிளாஸ்கைக் கழுவி, மாற்று உடைப் பையை மறுபடி நிரப்பி, காரில் ஏற்றிவிட்டுப் படுங்கள். காலையில் வானம் நீலமாக இருந்தாலும் சாலையையும் வெள்ளப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டே சாவியை எடுங்கள். நேற்றைய மழைக்கான தண்ணீர் இன்னும் கீழே வந்துகொண்டிருக்கும்.